கடைசி வாரத்துப் பிள்ளைகள்

என் ஆராய்ச்சிக்கு முதன்முதலில் வந்த பையன் அரை மணி நேரம் முன்னாலேயே வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். நான் சாவியோடு போனேன். அவன் வணக்கம் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“பத்து மணின்னு போட்டிருந்தீங்க மேடம்.”

“இப்ப ஒன்பதே முக்கால்தான்டா ஆவுது.”

“தெரியும் மேடம். நான் ஒன்பதரைக்கே வந்துட்டேன்.”

சிதம்பரத்துக்கு அவன் வந்த அதே பாசஞ்சர் ரயிலில்தான் நானும் வந்திருந்தேன். நான் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் ஏறுகிறவள். அவன் கிள்ளையில் ஏறுகிறவன். ஸ்டேஷனில் இறங்கி நான் டீ குடித்துவிட்டு மெதுவாக வந்தேன். அவன் ஓடி வந்திருக்கிறான். உள்ளே உட்கார்ந்ததும் பையிலிருந்து இரண்டு பென்சில், ஒரு ரப்பர், ஒரு ஸ்கேல், ஒரு ஷார்ப்னர் எடுத்து வரிசையாக வைத்தான். பென்சில் நாங்களே கொடுப்போம் என்று நோட்டீஸில் போட்டிருந்தேன். அவன் நம்பவில்லை போலிருக்கிறது. சீவிய தூளைக் கீழே போடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. பிள்ளைகள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போதே நான் தப்புப் பண்ண ஆரம்பித்துவிட்டேன்.

நான் பன்னிரண்டு வருடம் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினேன். பிறகு சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு, சிதம்பரத்தில் உளவியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தேன். என் கைடு என்னைவிட ஏழு வயது சின்னவர். நாலு பேர் இருந்தால் என்னை ‘மேடம்’ என்பார். யாரும் இல்லையென்றால் ‘அக்கா’ என்பார். நான் எப்போதும் அவரை மேடம் என்றுதான் சொல்வேன். கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு செமஸ்டருக்கு ஐந்து மணி நேரம் யாராவது ஒருவருடைய ஆராய்ச்சிக்குப் போய் உட்கார வேண்டும். சொன்னதைச் செய்ய வேண்டும், கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். முடிந்ததும் ஒரு மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அட்டை நிரம்பாவிட்டால் செய்முறைத் தேர்வு மதிப்பெண் கிடையாது. ஆனால் யாருடைய ஆராய்ச்சிக்குப் போவது, எந்த மாதத்தில் போவது என்பதெல்லாம் அவரவர் இஷ்டம். நோட்டீஸ் போர்டில் தேதியும் நேரமும் போட்ட தாள் தொங்கும். வேண்டிய கட்டத்தில் பெயரை எழுதிவிட்டு வர வேண்டியதுதான்.

இந்த ‘அவரவர் இஷ்டம்’தான் என்னைக் கவிழ்த்தது.

சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதனுக்குக் கவனம் கெடுகிறதா? இதுதான் நான் கண்டுபிடிக்க நினைத்தது. ஒரு தாள் முழுக்க எண்கள் இருக்கும். ஏழு என்ற எண் வருகிற இடத்தையெல்லாம் கோடு போட்டு அடிக்க வேண்டும். கால் மணி நேரம். பாதிப் பேர் அமைதியான அறையில் அடிப்பார்கள். மீதிப் பேர் ஸ்பீக்கரில் சத்தம் ஓட ஓட அடிப்பார்கள். எத்தனை இடத்தை விட்டார்கள் என்று நான் எண்ணுவேன். சத்தத்தை நானே பதிவு செய்தேன், ஒரு முகூர்த்த நாளில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு. ஹாரன், விசில், “பண்ருட்டி பண்ருட்டி பண்ருட்டி”, நடுவில் ஒரு ஆள் “யோவ், காலை எடுய்யா” என்று கத்துவது, எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. அந்தப் பதிவின் மேல் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

பதிவு இருந்தது, ஸ்பீக்கர் இல்லை. துறையில் இருந்த ஒரே நல்ல ஸ்பீக்கரைக் கலை விழாவுக்கு வாங்கிப்போனவர்கள் கிழித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். ரிப்பேர் ஆகி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று அமைதி அறைக்காரர்களை முதலில் முடித்துவிட்டேன். ஜூலையிலும் ஆகஸ்டிலும் நாற்பது பேர். ஸ்பீக்கர் வந்த பிறகு, செமஸ்டர் முடிகிற நேரத்தில், சத்தக்காரர்கள் நாற்பது பேர். இதைக் கைடிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முடித்துக் காட்டி அசத்தலாம் என்று இருந்தேன்.

முதலில் வந்த நாற்பது பேரும் கிள்ளைப் பையனோடு கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். செருப்பை வெளியே விடவா என்று கேட்டார்கள். மஞ்சள் அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். ஒரு பெண் குறிப்புகளை இரண்டு தடவை படித்துவிட்டு, “பிரின்ட் சரியா விழாத ஏழும் கணக்குல வருமா மேடம்?” என்று கேட்டாள். வரும் என்றேன். நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள். பயந்தவர்களும் முதலிலேயே வந்தார்கள், ஜோடி ஜோடியாக. ஒருத்தி உள்ளே இருக்கும்வரை இன்னொருத்தி வெளியே காவல் நிற்பாள்.

“மேடம், இது மென்டல் டெஸ்ட் இல்லியே?”

“இல்லம்மா.”

“வீட்டுக்கு லெட்டர் போவாதே?”

“போவாது. ஒக்காரு.”

கடைசியில் வந்த நாற்பது பேர் வேறு ரகம். பேனா கேட்டார்கள். அறை எது என்று தெரியாமல் பக்கத்து அறையில் போய் ஒரு வகுப்பையே கேட்டு முடித்துவிட்டு வந்தார்கள். அட்டையைத் தொலைத்துவிட்டு, போனில் அதன் போட்டோவைக் காட்டி, இதன் மேல் கையெழுத்துப் போட முடியுமா என்றார்கள். ஒருவன் பத்து நிமிடம் மும்முரமாக அடித்துவிட்டு நிமிர்ந்து, “மேடம், ஆறா ஏழா?” என்று கேட்டான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். முதலில் வந்த நாற்பது பேரில் ஒருவர்கூட என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. கடைசியில் வந்தவர்கள் கேட்டார்கள். என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகூடப் பார்த்தார்கள்.

நவம்பரில் எண்ணி முடித்தேன். அமைதி அறையில் இருந்தவர்கள் ஏறக்குறைய எதையும் விடவில்லை. சத்தத்தில் இருந்தவர்கள் தாளைக் கந்தரகோலமாக்கியிருந்தார்கள். இதைவிடத் தெளிவான முடிவு வேண்டுமா? சத்தம் கவனத்தைக் கெடுக்கிறது, நான் நிரூபித்துவிட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன்.

கைடு ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு என் தாள்களைப் புரட்டினார். அறையில் வேறு யாரும் இல்லை.

“சூப்பர்க்கா. இந்த அமைதி குரூப்பு எப்ப வந்தாங்க?”

“ஜூலை, ஆகஸ்ட்டு.”

“சத்தம் குரூப்பு?”

“அக்டோபர் கடைசி. நவம்பர்.”

மெல்லுவதை நிறுத்தினார்.

“மொத வாரம் வர்ற புள்ளைங்களும் கடைசி வாரம் வர்ற புள்ளைங்களும் ஒரே மாதிரி புள்ளைங்களாக்கா?”

“எங்க மேடம். அதுங்க வேற, இதுங்க வேற. அதுங்க ஸ்கேல் எடுத்துட்டு வரும். இதுங்க...”

பாதியில் நின்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சத்தத்தால தப்பு பண்ணாங்களா, இல்ல, எங்க ஒக்கார வெச்சாலும் தப்பு பண்ற ஆளுங்களையா பாத்து நீங்க சத்தத்துல ஒக்கார வெச்சீங்களா?”

மைசூர்பாகுப் பெட்டியை மூடினேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஸ்பீக்கரைக் கிழித்தவன் மேல் பட்டேன். அது போதவில்லை.

“எப்ப வர்றாங்கன்றதே ஒரு கொணம்தான்க்கா,” என்றார் அவர். “ஒழுங்கானவங்க மொதல்லயே வந்துடுவாங்க. ஜாலியானவங்க முடியப்போற நேரத்துல வருவாங்க. ரெண்டையும் கலக்கணும். திரும்ப மொதல்லேருந்து பண்ணுங்க. வர்றவங்க வர வர சீட்டு எடுக்கட்டும், சத்தமா அமைதியான்னு. செமஸ்டர் பூரா வெக்கணும்.”

திரும்பப் பண்ணலாம். ஆனால் எனக்கு இருந்ததே ஒரு செமஸ்டர்தான். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய காலம் எப்போதோ முடிந்து, இரண்டு தடவை நீட்டிப்பு வாங்கியிருந்தேன். மூன்றாவது கிடையாது என்று கடிதத்தில் கோடு போட்டு எழுதியிருந்தார்கள். ஜூன் முடிவதற்குள் உள்ளே போகாவிட்டால் என் பதிவே ரத்து. வேலையை விட்டதும், இத்தனை வருடம் ரயிலில் போய்வந்ததும் ஒன்றுமில்லாமல் போகும்.

கிள்ளைப் பையனிடம் ரயிலில் சொன்னேன். அவனே கேட்டான்.

“மேடம், என் தாள் என்ன ஆச்சு?”

“அது செல்லாதுடா.”

“நான் ஒண்ணுகூட விடலியே மேடம்.”

“நீ விடாததுதான்டா பிரச்சனை.”

அவன் முகம் அப்படியே விழுந்துவிட்டது. வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியத்தை அவன் கேட்டிருக்க மாட்டான். சிதம்பரம் வரும்வரை மஞ்சள் அட்டையையே புரட்டிக்கொண்டு வந்தான். இறங்கும்போது, “அப்ப அட்டையில போட்ட கையெழுத்து?” என்று மட்டும் கேட்டான். அது செல்லும் என்றேன். மூச்சு விட்டான்.

அடுத்த செமஸ்டரில், இந்தத் தாளைப் பார்த்திராத முதலாண்டுப் பிள்ளைகளை வைத்து மறுபடி ஆரம்பித்தேன். என் எவர்சில்வர் டப்பாவில் எண்பது சீட்டு மடித்துப் போட்டேன். நாற்பதில் ‘சத்தம்’, நாற்பதில் ‘அமைதி’. வருகிறவர் கையை விட்டு ஒன்று எடுக்க வேண்டும். டப்பாவை எவ்வளவு தேய்த்தும் புளிசாத வாசனை போகவில்லை. சீட்டுகளும் அப்படியே மணத்தன. ஒழுங்குப் பிள்ளைகள் ஜனவரியிலேயே மளமளவென்று வந்தார்கள். முப்பத்தைந்து பேர். முகர்ந்து பார்த்தார்கள், மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

அத்தோடு நின்றுபோனது. பிப்ரவரி முழுக்க அறையில் நானும் மின்விசிறியும்தான். நோட்டீஸ் போர்டில் வெள்ளைக் கட்டங்கள். ஒரே ஒரு நாள் ஒரு கட்டத்தில் பெயர் இருந்தது, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் வரைந்திருந்தது. பரங்கிப்பேட்டைப் பெண். அவள் வரவில்லை.

இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டையில் ரயில் ஏறுகிற முதலாண்டு மாணவி. ரயில் நகர ஆரம்பித்த பிறகுதான் பிளாட்பாரத்தில் தென்படுவாள். கறுப்பு பர்தா பறக்கும். ஒரு கையில் டிபன் டப்பா இருக்கும், சில நாள் செருப்பு இருக்கும். வாசலில் நாலு தோழிகள் கையை நீட்டி இழுத்துப் போடுவார்கள். ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே மொத்தப் பெட்டிக்கும் வீட்டுச் செய்தி வாசிப்பாள். வாப்பா சிங்கப்பூரில். வீட்டில் உம்மா, மூன்று தம்பிகள், ஒரு கிரைண்டர். ஐந்தும் ஒரே நேரத்தில் ஓடும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

“ஏம்மா, பேர எழுதிட்டு வரலியே?” என்றேன் மறுநாள்.

“ஆமா மேடம்! நானே கேக்கணும்னு இருந்தேன். நேத்து எத்தினி மணிக்கு போட்டிருந்தேன்?”

“பதினொண்ணு.”

“அய்யய்யோ. பதினொண்ணுக்கு ஒங்க ரூம் வாசல்லதான் மேடம் நின்னு பேசிட்டிருந்தேன்.”

நான் பார்த்திருக்கிறேன். சத்தம் போடாமல் போங்கடி என்று கதவைச் சாத்தியதே நான்தான்.

அதன் பிறகு தினமும் இதே பேச்சு. நாளைக்கு மேடம். திங்கக்கெழமை மேடம். உள்ளத்துல வந்துட்டேன் மேடம், ஒடம்புதான் வரல. பெட்டி சிரிக்கும். நானும் ஆரம்பத்தில் சிரித்தேன். மார்ச் வந்தது. தாளில் அதே முப்பத்தைந்து. ஒருநாள் பரங்கிப்பேட்டையில் ஏறியவள் நான் கேட்பதற்கு முன்பே, “நாளைக்கு கண்டிப்பா மேடம்,” என்றாள். நான் எழுந்து நின்றேன்.

“ஒனக்கெல்லாம் எதுக்கும்மா சைக்காலஜி? கால் மணி நேரம் ஒக்காரத் துப்பில்ல. நேரத்தோட மதிப்பு தெரியாத ஜென்மங்க. நீயும் ஒன் கூட்டமும் ரயிலு பின்னாடி ஓடத்தான் லாயக்கு.”

பெட்டி அடங்கிப்போனது. கிள்ளையில் ஏறிய பையன் அந்த அமைதியைப் பார்த்து, தப்பான பெட்டியில் ஏறிவிட்டோமோ என்று வெளியே எட்டிப் பார்த்தான். அவள் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கும்பல் வேறு பெட்டியில் ஏறியது. கும்பல் என்றால் நான் நாலு பேர் என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. ஒழுங்குப் பிள்ளைகள் தனித்தனியாக வருவார்கள், தனித்தனியாகப் போவார்கள். இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒருத்தியைத் திட்டினால் நாற்பத்தைந்து பேரைத் திட்டியதாகிறது. துறை வாட்ஸ்அப்பில், ‘அந்த ரூமுக்குப் போகாதீங்க, மேடம் கடிக்குது’ என்று யாரோ போட்டுவிட்டார்கள். இதைக் கிள்ளைப் பையன்தான் வந்து சொன்னான். யோசனையும் கொண்டுவந்திருந்தான்.

“லேட்டா வர்றவங்களுக்கு அட்டையில செவப்பு மையில கையெழுத்து போடலாம் மேடம்.”

“வந்தாத்தானேடா போடறதுக்கு.”

இரண்டு வாரம் ஒரு ஈ காக்கை வரவில்லை. கைடிடம் போனேன். துறைத் தலைவரிடம் சொல்லி, மார்ச் முடிவதற்குள் எல்லாரும் வந்தாக வேண்டும் என்று ஆர்டர் போடச் சொல்லுங்கள் என்றேன்.

“கட்டாயப்படுத்தி இழுத்துட்டு வந்தா, எப்ப வர்றாங்கன்றது அவுங்க கொணமா இருக்காதுக்கா, ஆர்டரோட கொணமா இருக்கும். அவுங்க வர்ற நேரத்துலதான் வரணும். நீங்க திட்டி வெரட்டிட்டீங்கன்னா, மிஞ்சறது எல்லாம் மொத வாரத்து புள்ளைங்கதான். அப்பறம் அதே கததான்.”

“எனக்கு ஜூன் வரைக்கும்தான் மேடம் டைமு. இதுங்களுக்கு அது புரியுதா?”

“ஒங்க மொத எக்ஸ்டென்ஷன் லெட்டர்ல நான்தான் கையெழுத்து போட்டேன். திட்டினேனாக்கா?”

“அது வேற மேடம்.”

“வேறதான்க்கா. சாப்பிடுங்க மொதல்ல.”

ஏன் இரண்டு நீட்டிப்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்வதற்குப் பெரிய காரணமும் கிடையாது. முதல் வருடம் அடுத்த வருடம் செய்யலாம் என்று இருந்தேன். அடுத்த வருடமும் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது ஆலப்பாக்கம் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எரிச்சலாக இருந்தது.

மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூரில் அந்தக் கும்பல் ஏறுகிற கடைசிப் பெட்டியில் போய் உட்கார்ந்தேன். பரங்கிப்பேட்டையில் அவளை வழக்கம்போல இழுத்துப் போட்டார்கள். என்னைப் பார்த்தாள். எங்கள் ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு உள்ளே வழி கிடையாது. மாட்டிக்கொண்டாள்.

“இந்தாம்மா. அன்னைக்கு நான் பேசினது ஜாஸ்தி. தப்பு. நீ வந்தா வா, வராட்டி போ. ஆனா வா. கடைசி நாளா இருந்தாலும் பரவால்ல, வந்து தொல.”

அவள் தோழியைப் பார்த்தாள்.

“சாரி சொல்றாங்களா, திட்டறாங்களாடி?”

“ரெண்டும்தான்,” என்றேன்.

“அப்ப சரி மேடம்.” பக்கத்தில் வந்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். “இடியாப்பம். எடுங்க. உம்மா நாலு மணிக்கு எழுந்து புழிஞ்சது. நீங்க காலைல சாப்பிடறதில்லியா? அதான் இவ்ளோ கோவம் வருது.”

இடியாப்பம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் வரவில்லை. யாரும் வரவில்லை. மார்ச் போய் ஏப்ரலும் பாதி போனது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை.

கடைசி வாரத்தில் மடையைத் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் போனால் வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. நோட்டீஸ் போர்டுத் தாளில் கட்டங்கள் தீர்ந்து ஓரத்திலெல்லாம் பெயர் எழுதியிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். ஒருவன் முதுகில் இன்னொருவன் தாளை வைத்துப் படிவம் நிரப்பினான். சீட்டு எடுத்து முகர்ந்தவர்கள் “டேய், நெஜமாவே புளிசாதம்டா” என்று கத்தினார்கள். விசாரித்தால், பரங்கிப்பேட்டைப் பெண் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறாள்: ‘மேடம் சாரி சொல்லிட்டாங்க. எல்லாரும் போங்க. சீட்டு எடுத்தா பசி எடுக்கும்.’

வியாழக்கிழமை மாலை எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொன்பது. டப்பாவில் ஒரே ஒரு சீட்டு. எல்லாரையும் அனுப்பிவைத்தவள் மட்டும் வரவில்லை.

இனி வர வேறு ஆளும் கிடையாது. வகுப்பில் மற்ற எல்லாரும் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அந்த அறையைத் தேர்வுக்காகக் காலி செய்கிறார்கள். எழுபத்தொன்பதோடு நிறுத்த முடியாதா என்று கைடைக் கேட்டேன். எண்பது பேர் என்று திட்டத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுபத்தொன்பதைக் காட்டினால் ஆராய்ச்சிக் கமிட்டியில் திருப்பி அனுப்புவார்கள், திரும்பி வர ஜூலை ஆகும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை பரங்கிப்பேட்டையில் வாசலில் எட்டுக் கைகள் நீண்டிருந்தன. பிளாட்பாரத்தில் அவள் இல்லை. ரயில் கிளம்பியது. ஸ்டேஷனைத் தாண்டி ரயில்வே கேட்டைக் கடக்கும்போது பார்த்தேன். மூடிய கேட்டுக்கு வெளியே ஒரு தம்பியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ரயிலைப் பிடிக்க வந்தவள், எங்கள் ரயில் போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள்.

பதினொன்று ஆனது. ஒன்று ஆனது. மூன்றரைக்கு அட்டெண்டர் இரண்டு ஆட்களோடு மேசை தூக்க வந்தார்.

“அந்த ஒரு மேசைய மட்டும் தொடாதீங்கண்ணே. தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

“நாலு மணி வரைக்கும்தான்மா.”

மூன்று நாற்பதுக்கு வந்தாள். ஒரு செருப்பு அறுந்து கையில் இருந்தது.

“பஸ்ல வந்தேன் மேடம். மத்தியானமே வந்துட்டேன். வர்ற வழியில நம்ம கிளாஸ் புள்ள ஒண்ணு ஹால் டிக்கெட் வரலன்னு அழுதுட்டிருந்துச்சு. அதுகூட ஆபீஸுக்குப் போயி...”

நான் வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் கையைக் காட்டினாள்.

“அதான் வந்துட்டேன்ல மேடம்.”

டப்பாவில் இருந்த ஒரே சீட்டை அவள் கண்ணை மூடிக்கொண்டு, நிறையச் சீட்டுகளில் தேடுகிறவளைப் போலக் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். சத்தம். ஸ்பீக்கரைப் போட்டேன். பண்ருட்டி பண்ருட்டி பண்ருட்டி. அட்டெண்டர் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் என் பேனாவை வாங்கிக் குனிந்தாள். நிமிரவில்லை.

அவள் போவதற்கு முன்பே எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஒன்றுகூட விடவில்லை.

“எப்பிடிம்மா?”

“என்னா மேடம்?”

“இவ்ளோ சத்தத்துல.”

“இதா சத்தம்?” ஸ்பீக்கரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “எங்க வீட்ல கிரைண்டர் ஓடும்போது மூணு பேரும் அடிச்சிக்குவானுங்க மேடம். நடுவுல ஒக்காந்துதான் நான் பிளஸ் டூ படிச்சேன். இதுல ஒரே ஒரு ஆளுதான் காலை எடுய்யான்றாரு.”

கையெழுத்துப் போட அட்டையைக் கேட்டேன். வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். போனில் போட்டோ இருந்தது.

மே மாதம் முழுக்கக் கணக்குப் போட்டேன். கலந்து பார்த்ததும் என் சத்தம் ஒன்றுமில்லாமல் போனது. சத்தத்தில் இருந்தவர்களும் அமைதியில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் விட்டிருந்தார்கள். ஜனவரியில் வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் குறைவாக விட்டார்கள். ஏப்ரலில் வந்தவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் நிறைய விட்டார்கள். ஒருத்தியைத் தவிர. என் ஆய்வேட்டில் நான் திட்டமிடாத ஒரு அத்தியாயம் சேர்ந்தது, யார் எப்போது வருகிறார்கள் என்பதைப் பற்றி. “இதான்க்கா ஒங்க தீசிஸு,” என்றார் கைடு. எனக்குச் சத்தத்தை விடத்தான் மனசில்லை. விட்டேன்.

ஜூன் முதல் வாரத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் பைண்டிங் அட்டை எந்த நிறம் என்று யோசித்தேன். நன்றியுரையை நாலு தடவை மாற்றினேன். ஜூன் கடைசி நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, ஐந்து பிரதிகளைச் சுமந்துகொண்டு கவுன்ட்டருக்குப் போனால் எனக்கு முன்னால் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பேனா கேட்டார். பின்னால் வந்த அம்மா, “சாப்ட்டீங்களா?” என்று கேட்டார். எனக்கு அந்த ரகத்தை உடனே அடையாளம் தெரிந்தது.

உள்ளே உட்கார்ந்திருந்த எழுத்தர் ஒவ்வொருவரையும் திட்டித் திட்டி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. பிரதிகளைப் புரட்டினார். மேலே பார்த்தார். என் தலையில் இருந்த நரையைப் பார்த்தார்.

“மூணு மாசமா இந்த கவுன்ட்டர் தொறந்துதாம்மா கெடக்குது. கடைசி நாள்லதான் எல்லாரும் வருவீங்களா? அவனுங்கதான் சின்னப் பசங்க, நேரத்தோட மதிப்பு தெரியாது. ஒனக்குமா?”

வழக்கமாக அந்த இடத்தில் நான் கவுன்ட்டரையே ஆட்டியிருப்பேன். வாய்வரைக்கும் வந்தது.

“அதான் வந்துட்டேன்ல சார்,” என்றேன்.

முறைத்தார். குத்தினார்.